கரடியூரில் மைனஸ் இருபது

காப்பிப் பழம் எடை போடும் கொக்கித் தராசு வாசல் நிலையில் தொங்கியது. அதன் கொக்கியில், பழ மூட்டைக்குப் பதில், வெங்கடேஷின் கேமரா பை.

முள் ஒன்பதரையில் போய் நின்றது.

"எட்டுக் கிலோதானுங்க ப்ளேன்ல கையோட விடுவாங்க," என்றாள் கலா. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். "ஐயோ, உங்களைச் சொல்லலைங்க மேடம். இவரைச் சொன்னேன். நீங்க சொல்லுங்க."

வெங்கடேஷ் பையை இறக்கிக் கட்டிலில் மறுபடி பரப்பினான். மூன்றாவது முறை. ஒரு கேமரா. மூன்று லென்ஸ். பன்னிரண்டு பேட்டரி. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். விரல் நுனி மட்டும் திறந்துகொள்ளும் கையுறை. இன்னொரு கேமரா இப்போது வீட்டில் இல்லை. அதன் எடைக்குச் சமமாக ஒரு ராகி மாவுப் பாக்கெட்.

கண் எரிந்தது. வியாழன் ராத்திரி ஆத்தூரில் ஒரு வரவேற்பு. வெள்ளி ராத்திரி சேலத்தில் ஒரு கல்யாணம். விடிகாலை முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, எட்டரைக்கு ஏற்காட்டில் இறங்கியவன் இன்னும் முதுகைச் சாய்க்கவில்லை.

வரும் புதன்கிழமை ஃபின்லாந்துக்கு விமானம்.

அந்த நாட்டின் வடகோடியில் ஒரு சுற்றுலா கம்பெனி. இரவு வானத்தில் பச்சையாக ஓடும் வெளிச்சத்துக்குக் கீழே சுற்றுலாக்காரர்களை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். மூன்று மாதம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனி ஞாயிறு லீவு. ஏற்காட்டில் யார் கையிலும் போன் இருக்கிறது, எந்தப் போனிலும் கேமரா இருக்கிறது. வியூ பாயிண்டில் நின்று படம் எடுத்துக் கொடுத்த வெங்கடேஷ் எட்டு வருஷத்துக்கு முன்பே கல்யாணப் படங்களுக்கு இறங்கிவிட்டான். இப்போது இதை நம்பித் தை மாசத்துக் கல்யாணங்களை எல்லாம் சேலத்துக்காரர்களுக்குத் தள்ளிவிட்டிருந்தான். இது போனால், அதுவும் கிடையாது.

"ஒரு எடத்துல அரை மணி நேரம் போதும்ங்க மேடம்," கலா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டரைக்கு லேடீஸ் சீட் வியூ பாயிண்டை விட்டுக் கெளம்பிருங்க. மூணு, மூணேகாலுக்குக் கரடியூர் வியூ பாயிண்ட். டைட்டாத்தான் இருக்கும். வீக்எண்டுன்னா அப்படித்தான். ஆஷ்லின் மேடம், நான் பன்னெண்டு வருஷமா இதே வேலைதான் பாக்கறேன், நம்புங்க."

போனை வைத்தாள். அடுத்த போன் வருவதற்குள் ஒரு மூச்சு விட்டாள்.

"பெங்களூரு டூர் பார்ட்டி, ஆறு பேரு. காலையில இருந்து ஏழு போன். பேட்டரியைக் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்குங்க."

"எதுக்கு?"

"கோட்டை யாரு தராசுல போடறாங்க?"

வெங்கடேஷ் நாலு பேட்டரியை எடுத்துக் கோட்டுக்குள் போட்டான். அது கலா ரூம் புக் செய்து கொடுக்கும் லாட்ஜ் ஒன்றில் யாரோ மறந்துவிட்டுப் போன கோட்டு. பையை மறுபடி மாட்டியதும் முள் ஒன்பதுக்கு இறங்கியது. இன்னும் நாலு. எட்டரை.

"ராகி மாவைக் கொறைங்க," என்றாள்.

"அது மாவு இல்லடி. கேமரா."

அவள் ஒரு தாளை நீட்டினாள். டைரியில் கிழித்த தாள். இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுத்து. அவன் அங்கே இருக்கப்போகும் பன்னிரண்டு வாரக் கடைசிகளுக்கும் திட்டம்.

'முதல் சனி: 5.00 எழுந்திருத்தல். 5.45 பஸ். 8.00 நாய் இழுக்கும் பனி வண்டி. 9.30 உறைந்த ஏரி. 10.15 சன்ரைஸ் பாயிண்ட்...'

"சன்ரைஸ் பாயிண்டா? டிசம்பர்ல அங்க சூரியனே எந்திரிக்காதாம், கலா."

"குடுத்து வச்ச சூரியன்," என்றாள் கலா.

மணி பதினொன்று நாற்பது.

வெங்கடேஷ் எழுந்தான். "பன்னெண்டுக்குக் கேமராவை வெளிய எடுக்கணும். வா, நீதான் வீடியோ புடிக்கணும்."

---

கம்பெனியின் நிபந்தனை அது. போன புதன்கிழமை வந்த மெயிலில் தெளிவாக இருந்தது. முதல் கேமராவை மைனஸ் இருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு தெர்மாமீட்டரோடு வெளியே எடுத்து, நிற்காமல் இருபது படம் எடுக்க வேண்டும். அதை வீடியோவாக அனுப்ப வேண்டும். சனிக்கிழமை அவர்கள் ஊர் நேரம் பகல் பன்னிரண்டுக்குள். இங்கே மூன்றரை. வராவிட்டால் சென்னையில் இன்னொருவர் தயாராக இருக்கிறார்.

ஏற்காட்டில் மைனஸ் இருபதுக்கு எங்கே போவது? வீட்டு ஃப்ரிட்ஜ் மைனஸ் பதினாலோடு முனகியது. கறிக்கடைக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் கிடைத்தது ஏரிக்கரை ரோட்டில் சின்னனின் ஐஸ்கிரீம் கடை. கடைக்கு வெளியே, கூரைத் தகரத்துக்குக் கீழே, ஆளுயர நீளத்தில் ஒரு ஃப்ரீஸர். கார்த்திகை மூடுபனியில் ஐஸ்கிரீம் யார் கேட்கிறார்கள்? நாலைந்து கப்பைத் தவிர உள்ளே காலி.

காலை பத்து மணிக்கு, சின்னன் இல்லாத நேரம் பார்த்து, அவன் மனைவி அம்மணி மூடியைத் திறந்துவிட்டாள். ஜிப் கவரில் போட்ட கேமராவையும் தெர்மாமீட்டரையும் வெங்கடேஷ் உள்ளே வைத்தான்.

"எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லீராதே, சாமி," என்றாள் அம்மணி. "ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் பொட்டியில வேற சாமான் வச்சாக் கத்துவாரு. நான் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கறேன். ஒரு பய தொட முடியாது."

பூட்டினாள். மேலே தார்ப்பாயைப் போர்த்தினாள். அப்புறம் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனாள். பழம் சிவந்துவிட்டால் ஏற்காட்டில் கடைக்காரி, வீட்டுக்காரி என்று கிடையாது. எல்லாரும் கூடையைக் கட்டிக்கொள்வார்கள்.

கலாவின் ஸ்கூட்டர் கடை முன் நின்றபோது மணி பதினொன்று ஐம்பது.

தார்ப்பாய் இருந்தது. மடித்து வைக்கப்பட்டு.

அதற்குப் பக்கத்தில், சாரலில் நனைந்த சிமெண்டுத் தரையில், நீள்சதுரமாக, காய்ந்த இடம் மட்டும் இருந்தது.

வெங்கடேஷ் அந்தக் காய்ந்த இடத்தையே பார்த்தான். பதற வேண்டும் என்று தெரிந்தது. பதறுவதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

கலா சின்னனுக்குப் போன் போட்டாள்.

"பொட்டிங்களா?" சின்னனின் குரல் சாவகாசமாக வந்தது. "கம்பெனிக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டனுங்க. மழை சீசன்ல கரண்டைத் தின்னுட்டுக் கெடக்குது. அம்மணிகிட்டச் சொல்லலைங்க, சொன்னா விடமாட்டா. காலியாத்தான் இருக்குது தூக்கிக்கன்னு வேன்காரன்கிட்டச் சொல்லிட்டேன்."

"காலியா இல்லைங்க அண்ணா."

"நாலு வெண்ணிலா கப்பு. போவுது போங்க."

"கேமரா இருக்குதுங்க. இவரோட கேமரா. அம்மணியக்காதான் வைக்கச் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க."

மறுமுனையில், காப்பிக் களத்தில், வாருகோல் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா," என்றான் சின்னன், ஏதோ வழக்கில் ஜெயித்தவன் போல. "என்னைய மறைச்சு என்னென்ன பண்றா பாத்தீங்களா."

வேன் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டிரைவர் பெயர் அருண்குமார். சின்னன் கொடுத்த நம்பர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தது. ஒரே ஒரு நல்ல செய்தி: வேன் இன்னும் மலையிறங்கவில்லை. கரடியூர் வியூ பாயிண்ட் கடையில் இன்னொரு ஃப்ரீஸரை ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சேலம்.

"ஏறுங்க," என்றாள் கலா.

---

மூடுபனி ரோட்டின் மேல் படுத்திருந்தது. பத்தடிக்கு முன்னால் போகும் கார் வெறும் இரண்டு சிவப்புப் பொட்டு. சனிக்கிழமைக் கூட்டம் வேறு. வாடகை கார்கள், வேன்கள், செல்ஃபிக்காக நடு ரோட்டில் நிற்கும் புதுமணத் தம்பதிகள்.

கலா ஹாரனில் இருந்து விரலை எடுக்கவே இல்லை. அவள் போன் ஸ்வெட்டர் பையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கட்டுமா?" என்றான் வெங்கடேஷ் பின்னாலிருந்து.

"எடுங்க. வெந்நீர் வரலைம்பாங்க. பத்து நிமிஷம் பைப்பைத் திறந்து உடச் சொல்லுங்க."

எடுத்தான். வெந்நீர் வரவில்லை என்றார்கள். பத்து நிமிஷம் பைப்பைத் திறந்து விடச் சொன்னான்.

அடுத்த போன். குரங்கு சிப்ஸைப் பிடுங்கிவிட்டது, என்ன செய்வது என்றார்கள்.

"வேற சிப்ஸ் வாங்கச் சொல்லுங்க."

எட்டு வருஷமாகச் சனி ஞாயிறு என்றால் இதுதான். அவனுக்குக் கல்யாண மண்டபம், அவளுக்குப் போன். இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில், வியூ பாயிண்டை நோக்கிப் போவது இதுதான் முதல் தடவை.  

பன்னிரண்டு இருபதுக்குக் கரடியூர்.

வியூ பாயிண்டில் வியூ இல்லை. கம்பித் தடுப்பு, அதற்கப்பால் வெள்ளை. ஓரமாக ஒரு சின்ன வேன். பின்புறத்தில் இரண்டு ஃப்ரீஸர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. லோடுமேன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் சாவியைத் திருகி, இன்ஜின் உறுமியது.

கலா ஸ்கூட்டரை வேனுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏனுங்க அக்கா, சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதா?" தலையை வெளியே நீட்டினான் அருண்குமார். முப்பது வயதிருக்கும். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

விஷயத்தைச் சொன்னார்கள். அவன் நம்பவில்லை. "பூட்டியிருந்துச்சுங்களே. காலின்னாங்க."

"சாவி அம்மணியக்கா இடுப்புல இருக்குது," என்றாள் கலா. "அவங்க எந்தத் தோட்டத்துல இருக்காங்களோ, அதுக்கு வேற போகணும்."

அருண்குமார் இறங்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துப் போட்டான். பூட்டு திறந்துகொண்டது.

"எல்லாப் பொட்டிக்கும் ஒரே சாவிதானுங்க," என்றான். "அந்தக்கா கிட்டச் சொல்லீராதீங்க. பாவம்."

உள்ளே ஜிப் கவர். கேமரா. நாலு வெண்ணிலா கப். வெங்கடேஷ் தெர்மாமீட்டரைப் பார்த்தான். மைனஸ் பதினொன்று.

"எடுத்துக்கிட்டீங்கல்ல? நகருங்க," என்றான் அருண்குமார்.

"இல்லைங்க தம்பி. எடுக்கக் கூடாது."

கலா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். இப்போது பன்னிரண்டரை. திரும்ப மைனஸ் இருபதுக்கு இறங்க முக்கால் மணி. அங்கிருந்து இரண்டு மணி நேரம். மூன்றேகால். வீடியோ எடுத்து அனுப்பக் கால் மணி நேரம். சரியாக மூன்றரை. வேறு ஃப்ரீஸர் தேடிக் கீழே போனால் அது இன்னும் ஒரு மணி நேரம்.

கணவன் காதோரம் குனிந்தாள். "ஏனுங்க, ரெண்டு மணி நேரம் வச்சமா, ரெண்டு நிமிஷம் வச்சமான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இருபது வந்ததும் எடுத்துரலாமே."

"அவங்களுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அங்க போய் நடுக்காட்டுல, நாப்பது பேரு முன்னாடி நின்னுபோச்சுன்னா?"

அவள் நிமிர்ந்து அருண்குமாரைப் பார்த்தாள். ஊரே அறிந்த, ரூம் இல்லாத லாட்ஜிலும் ரூம் வாங்கும் பார்வை.

"தம்பி, எப்ப எந்திரிச்சீங்க?"

"எதுக்குங்க?"

"சும்மா சொல்லுங்க."

"ரெண்டு மணிக்குங்க. நேத்து ஏலகிரி லோடு. முந்தாநேத்து ஒகேனக்கல்." சொல்லச் சொல்ல அவனுக்கே கொட்டாவி வந்தது.

"இந்த நெலமையில இருபது ஹேர்பின் வளைவு எறங்குவீங்களா? மூணு மணி நேரம் படுத்துத் தூங்குங்க. மூணரைக்கு நான் எழுப்பி விடறேன். கம்பெனி கேட்டா, பனியில வண்டி ஓட்ட முடியலைன்னு சொல்லுங்க. பொய்யும் கெடையாது."

அருண்குமார் மூடுபனியைப் பார்த்தான். ஃப்ரீஸரைப் பார்த்தான். லோடுமேனைப் பார்த்தான். லோடுமேன் ஏற்கெனவே சீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எழுப்பி விட்டுருவீங்கல்ல?"

"சத்தியமா."

வியூ பாயிண்ட் கடைக்காரர் ப்ளக் இருக்குமிடத்தைக் காட்டிவிட்டு, இருந்த கரண்டு வயரையும் கொடுத்துவிட்டு, தன் காப்பிக் களத்துக்குப் போய்விட்டார். ஒரே ஒரு ப்ளக். வேனில் ஏறிய வயரின் முனையில் ஃப்ரீஸர் 'உம்' என்று மறுபடி உயிர் பிடித்தது.

---

கடையின் ஒட்டுத் தகரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள்.

வெங்கடேஷின் போனில் பதினொரு சதவீதம். வீடியோவுக்கு வேண்டும் என்று அணைத்து வைத்தான். கலாவின் போனில் இருபது. அதில் மூன்று மணிக்கு அலாரம் வைத்தாள்.

"ப்ளக்கு ஒண்ணுதான் இருக்குது," என்றாள். "போனா, பொட்டியா?"

"பொட்டி."

ஒன்று பத்துக்குப் பார்த்தான். மைனஸ் இருபது. கையைக் கூப்பாத குறையாக மூடியை மூடினான்.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் அது பழக்கமில்லை. வெங்கடேஷ் திட்டத் தாளை எடுத்தான். இரண்டாவது சனி, ஐந்து மணிக்கு எழுந்திருத்தல். மூன்றாவது சனி, நாலே முக்காலுக்கு எழுந்திருத்தல்.

"என்னத்துக்குடி இத்தனை சீக்கிரம்?"

"அப்பத்தானுங்க எல்லாம் கவர் பண்ண முடியும். ஜனங்க காசு குடுத்து வந்துட்டு ஒண்ணை உட்டாலும் என்கிட்டத்தான் கத்துவாங்க."

"நான் கத்தமாட்டேன்."

"எனக்கு வேற மாதிரி போடத் தெரியலைங்க," என்றாள் கலா. குரலில் கோபமில்லை. "ராத்திரி மூணு நாளா உக்காந்து போட்டேன். பஸ் டைம் எல்லாம் பாத்தேன். கடைசியில பாத்தா நான் ஜனங்களுக்குப் போடற மாதிரியே இருக்குது."

போன் அடித்தது. ஆஷ்லின். ரோஜாத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பாத்ரூம் எங்கே? சொன்னாள். மறுபடி அடித்தது. லேடீஸ் சீட்டில் பார்க்கிங் இல்லை, என்ன செய்வது? சொன்னாள். மூன்றாவது முறை அடித்தபோது எடுக்கக் கை போனது. பாதி வழியில் மடியில் விழுந்தது.

"கண்ணை மட்டும் மூடிக்கறேன்," என்றாள். "நீங்க முழிச்சிருங்க."

"ம்," என்றான் வெங்கடேஷ்.

அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. அவன் கோட்டுப் பையில் எட்டு பேட்டரிகள் விலாவில் குத்தின. விழித்திருக்க அது போதும் என்று நினைத்தான்.

வேனுக்குள் இரண்டு குறட்டை. ஃப்ரீஸரின் 'உம்'. பனி தகரத்தில் திரண்டு ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

இரண்டு இருபதுக்குக் கலாவின் போன் கடைசியாக ஒரு தடவை ஒளிர்ந்து அணைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

---

"அங்கிள்! அங்கிள்!"

வெங்கடேஷ் கண்ணைத் திறந்தான். எதிரே சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெண், கையில் போன். பின்னால் ஐந்து பேர், கம்பித் தடுப்பில் வரிசையாக, பல்லைக் காட்டித் தயாராக நின்றார்கள்.

"எங்க எல்லாரையும் சேத்து ஒரே ஒரு போட்டோ, ப்ளீஸ்."

வருஷக்கணக்காக அவன் வெறுத்த வாக்கியம். வியூ பாயிண்டில் கழுத்தில் கேமராவோடு நின்றவனிடம், தங்கள் போனை நீட்டி, ஓசியில் கேட்கும் வாக்கியம். வாயில் பழைய பதில் தானாக வந்தது. "நான் போட்டோகிராபருங்க..."

பாதியில் நின்றான்.

"மணி என்ன?"

"மூணு பதினாறு."

வெங்கடேஷ் எழுந்த வேகத்தில் கலாவின் தலை பெஞ்சில் இடித்தது.

"ஐயோ!" என்று அவளும் எழுந்தாள். போனைத் தட்டினாள். செத்துக் கிடந்தது. அலாரமும் அதோடு செத்திருந்தது.

வெங்கடேஷ் தன் போனை உயிர்ப்பித்தான். குளிரில் கிடந்த பதினொரு சதவீதம் இரண்டாகியிருந்தது. திரையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதுவும் போய்விட்டது.

மூன்று பதினெட்டு.

"தம்பி! எந்திரிங்க! போன் குடுங்க!" கலா வேன் கதவை அடித்தாள். அருண்குமார் கண்ணைத் திறக்காமலேயே ஒரு போனை நீட்டினான். பட்டன் போன்.

வெங்கடேஷ் அந்தப் பெண் பக்கம் திரும்பினான். அவள் இரண்டடி பின்வாங்கியிருந்தாள்.

"உங்களுக்குப் போட்டோ எடுத்துத் தரேன். ஒண்ணில்லை, இருபது. பெரிய கேமராவுல. அதுக்குப் பதிலா உங்க போன்ல என்னைய வீடியோ எடுக்கணும். இப்பவே."

"எதுக்கு அங்கிள்?"

"என் வேலைக்கும்மா."

அவன் முகத்தில் என்ன பார்த்தாளோ, போனைத் தூக்கிப் பிடித்தாள். "ரெகார்டிங்."

வெங்கடேஷ் வேனில் ஏறி மூடியைத் திறந்தான். குளிர் புகையாக எழுந்தது. தெர்மாமீட்டரைப் போனுக்குக் காட்டினான். மைனஸ் இருபத்திரண்டு. ஜிப் கவரைக் கிழித்தான். வெறுங்கையில் தொட்டதும் கேமரா தோலைக் கடித்தது. திட்டத்தில் கையுறை இருந்தது. கையுறை வீட்டுக் கட்டிலில் இருந்தது.

"நில்லுங்க எல்லாரும்! நெருக்கமா!"

சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நொடி. இரண்டு நொடி. கலா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது நொடியில், குளிரில் விறைத்த ஆள் எழுவது போல, திரை மெதுவாக வெளிச்சம் பிடித்தது.

க்ளிக். ஒன்று. க்ளிக். இரண்டு. மூன்று. படங்கள் கண்ணாடி மாதிரி விழுந்தன. நாலாவதில் லென்ஸின் ஓரத்தில் ஏற்காட்டின் ஈரம் வந்து உட்கார்ந்தது. ஐந்தாவதில் நடுப்பக்கம் நோக்கி நகர்ந்தது. எட்டாவதில் ஐந்து பேரும் காணாமல் போனார்கள். வெங்கடேஷ் நிறுத்தவில்லை. படம் அல்ல, கேமரா நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. வெள்ளை. வெள்ளை. வெள்ளை. இருபது.

மூன்று இருபத்து நாலு.

அந்தப் பெண்ணின் போனிலேயே தன் மெயிலைத் திறந்தான். பாஸ்வேர்ட் இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை திறந்தது. வீடியோவைச் சேர்த்து அனுப்பினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இங்க சிக்னல் வராதுங்க," என்றாள் கலா. "கம்பியோட அந்த மூலைக்குப் போங்க, அந்தப் பாறை மேல. நான் எல்லாருக்கும் அங்கதான் நிக்கச் சொல்லுவேன்."

அவன் பாறை மேல் ஏறிப் போனை வெள்ளைக்குள் நீட்டினான். எண்பது சதவீதம். தொண்ணூறு. மூன்று இருபத்தெட்டு. தொண்ணூற்று மூன்றில் நின்றது. கீழே ஆறு பேரும், கலாவும், வேன் கதவில் தொங்கிக்கொண்டிருந்த அருண்குமாரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். யாருக்கு என்ன போகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

"போயிருச்சு," என்றான் வெங்கடேஷ்.

மணி மூன்று இருபத்தொன்பது.

அந்தப் பெண் கலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க குரல்... நீங்க கலா மேடமா? நான் ஆஷ்லின்! ஒரு மணி நேரமா போன் பண்றேன், ஸ்விட்ச் ஆஃப்! எங்க போறதுன்னே தெரியாம, நீங்க சொன்ன டைம்படியே வந்துட்டோம்."

கலா அவளைப் பார்த்தாள். மூணு, மூணேகாலுக்குக் கரடியூர் வியூ பாயிண்ட். காலையில் தானே சொன்னது.

"டைட்டா இருக்குதுன்னீங்களே," என்றாள்.

"இருந்துச்சு. செத்துட்டோம்," என்றாள் ஆஷ்லின். "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?"

"எந்திரிக்க வேண்டாம்."

"என்னது?"

"தூங்குங்க கண்ணு. வாட்டர்ஃபால்ஸ் எங்கயும் போகாது."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், மெதுவாக, ஒருவன் கை தட்டினான்.

பத்து நிமிஷத்தில் ஆஷ்லினின் போனில் வெங்கடேஷுக்குப் பதில் வந்தது. அவள்தான் படித்துத் தமிழில் சொன்னாள். வீடியோ கிடைத்தது. கேமரா தேறிவிட்டது. புதன்கிழமை வரலாம். ஒரு குறிப்பு: லென்ஸில் பனி படிவதை எப்படித் தவிர்ப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, வந்ததும் சொல்லித் தருகிறோம்.

"ஏற்காட்டுக்காரனுக்குப் பனியைச் சொல்லித் தரப் போறானாம்," என்றான் வெங்கடேஷ். சிரிக்கப் பார்த்தான். கொட்டாவிதான் வந்தது.

"இன்னொரு வரி இருக்கு அங்கிள்," என்றாள் ஆஷ்லின். "ரெண்டாவது கேமராவுக்கும் இதே டெஸ்ட். திங்கள்கிழமைக்குள்ள."

வெங்கடேஷும் கலாவும் ஃப்ரீஸர் பக்கம் திரும்பினார்கள். அது இன்னும் 'உம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அருண்குமார் ப்ளக்கைப் பிடுங்கி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னைப் பாக்காதீங்கண்ணா," என்றான். "நான் கெளம்பறேன்." நாலு வெண்ணிலா கப்பையும் எடுத்துக் கலாவின் கையில் திணித்தான். "கணக்குல காலின்னு எழுதியிருக்குது. இதை எங்க கொண்டு போறது?"

வேன் பனிக்குள் போய் இரண்டு சிவப்புப் பொட்டானது. பிறகு அதுவும் இல்லை. ஆஷ்லினின் ஆட்கள் தேநீர் தேடிப் போனார்கள்.

வெங்கடேஷும் கலாவும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, பன்னிரண்டு டிகிரி குளிரில், மரக்கரண்டியால் ஐஸ்கிரீம் தின்றார்கள். காலையிலிருந்து வேறொன்றும் சாப்பிடவில்லை.

அவள் திட்டத் தாளை மடியில் விரித்துப் பேனாவை எடுத்தாள். முதல் சனிக்கிழமை முழுவதையும் ஒரே கோடாக அடித்தாள். நாய் வண்டி, உறைந்த ஏரி, எழாத சூரியன் எல்லாம் போயின. மேலே எழுதினாள்: 'தூக்கம்.'

கொஞ்சம் யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையையும் அடித்தாள்.

"மீன் சந்தையில ஒருத்தரு பொட்டி வச்சிருந்தாரே," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "மீன் பொட்டி. மைனஸ் இருபது வருமுங்களா?"

"நாத்தம் வருமே."

"கேமராவுக்கு மூக்கு இருக்குதா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் தோளில் சாய்ந்தாள். கோட்டுப் பையில் பேட்டரி குத்தியது. அவன் ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கப் பைக்கு மாற்றினான்.